பள்ளிவாசல் நிலமும் குடிக்கூலியும்

பினாங்குக்குக் கப்பலேறிய நம் முன்னோர் அங்கே என்ன வணிகம் செய்தனர், எவ்வளவு பொருளீட்டினர், எத்தனை பள்ளிவாசல்கள் எழுப்பினர் என்பன பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவர்கள் இரவில் எங்கே தலை சாய்த்தனர், அவ்விடத்திற்கு என்ன குடிக்கூலி கொடுத்தனர், கொடுத்தபின் கையில் என்ன மிஞ்சிற்று என்பவை பற்றி எழுதினோர் சிலரே. ஒரு சமுதாயம் ஓர் ஊரில் வேரூன்றியதா, அன்றி வந்து போயிற்றா என்பதை அறிய வேண்டுமாயின் இக்கேள்விகளைக் கேட்காமல் இயலாது. அதனால் பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனை, அதிலும் குறிப்பாகக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களை, இந்நோக்கில் காண முற்படுகிறோம்.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். அதுவரை அது கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்தது. காட்டை வெட்டித் திருத்தியவருக்குத் திருத்திய நிலம் உரியது என்பது லைட் கையாண்ட முறை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இம்முறையில், ஆள் அமர்த்தி வெட்டப் பணமுள்ளவரிடமே நிலம் போய்ச் சேர்ந்தது. கையில் கோடரி மட்டும் உடையவன் தான் வெட்டிய காட்டிலேயே பிறருக்குக் குடியிருப்பாளன் ஆனான். நகரின் பிற்கால வீட்டுக் கவலைகள் பலவற்றுக்கும் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது என்பது நமது கருத்து.

நம்மவர் அங்கே ஆங்கிலேயரைப் பின்தொடர்ந்து போனவர் அல்லர். பினாங்கில் யூனியன் கொடி ஏறுமுன்பே கெடாவில் நம்மவர் வாணிகம் செய்து குடும்பத்தோடு வாழ்ந்து வந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து சென்றமையால் இவர்கள் 'சூலியர்' எனப்பட்டனர் என்பர். 1794-ஆம் ஆண்டு லைட் எழுதிய குறிப்பொன்று இவர்களை இரு வகையாகக் காட்டுகிறது. ஏறத்தாழ 1,000 பேர் குடும்பத்தோடு நிலைத்துவிட்ட கடைக்காரரும் கூலியாட்களும் ஆவர். இவர்களன்றி ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்திறங்கி, உழைத்துச் சிறிது வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவர். அவர்தம் இடத்திற்கு வேறு சிலர் வருவர்.

இவ்வெண்களைச் சற்றே ஊன்றிப் பார்த்தல் வேண்டும். நிலைத்தவரைவிட வந்து போகிறவர் மிகுதி. நிலைத்தவனுக்கு வீடு வேண்டும். வந்து போகிறவனுக்குப் பாய் விரிக்கும் இடம் போதும். அந்த இடத்தையும் நிலைத்தவனே தர வேண்டும். சரக்கு வைக்கும் அறையும் ஆட்கள் தங்கும் அறையும் ஒன்றாயமைந்த கிட்டங்கிகள் நம் தமிழர் சென்ற துறைமுகங்களில் பெருகியது இதனாலேயே. பரங்கிப்பேட்டையிலிருந்தோ நாகூரிலிருந்தோ வந்து இறங்குகிறவன் தன் ஊரான் வைத்திருக்கும் இடத்தைத் தேடிப் போவான். ஆட்களைப் பொதுவாக வைத்துச் சமைப்பதால் உணவுச் செலவு குறையும். ஒரே அறையைப் பலர் பங்கிடுவதால் கூலி குறையும். துறைமுகம் நடக்கும் தொலைவில் இருப்பதால் வண்டிச் செலவு இல்லை. இந்த மூன்றும் சேர்ந்ததே அக்காலத்துச் சேமிப்பின் இரகசியம். நம் கடற்கரை ஊர்களில் மலாயாப் பணத்தில் எழுந்த திண்ணை வைத்த வீடுகளைப் பார்க்கும்போது, அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் காற்றுப் புகாத மாடியறையில் பாய் விரித்துக் கழித்த ஆண்டுகள் உள என்பதை நாம் நினைப்பதில்லை.

இனிப் பள்ளிவாசலுக்கு வருவோம். பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த மரைக்காயரான காதர் முகியித்தீன் என்பாரை 1801-ஆம் ஆண்டில் லெப்டினண்டு கவர்னர் சர் ஜார்ஜ் லீத் 'கப்பித்தான் கிளிங்' ஆக, அதாவது தென்னிந்தியர்களின் தலைவராக, நியமித்தார். கலிங்கம் என்னும் பெயரின் சிதைவாகிய 'கிளிங்' என்ற சொல் இன்று இழிவாகக் கொள்ளப்படுகிறது. அன்று அது அலுவல் மொழியில் வழங்கிய சொல்லே. மரைக்காயர் என்பது அந்நாட்டுக் குடும்பங்களில் 'மெரிக்கான்' என்று திரிந்து இன்றும் வழங்குவதை வாசகர் சிலர் அறிந்திருக்கலாம். அதே ஆண்டில் பள்ளிவாசலுக்கென்று 18 ஏக்கர் நிலத்தைக் கம்பெனி அளித்தது. 'மலபார் தெரு' என்று முன்பும் 'சூலியா தெரு' என்று பின்பும் பெயர் பெற்ற பெருந்தெருவின் தென்புறத்தில் அந்நிலம் அமைந்தது.

18 ஏக்கர் என்பது தொழும் இடத்திற்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு பெரிது. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு 2008-இல் உலக மரபிடமாக ஏற்ற ஜார்ஜ் டவுனின் நடுப்பகுதி முழுவதும் 109 எக்டேர்தான். ஏறத்தாழ 270 ஏக்கர். அதனோடு ஒப்பிட்டால் பள்ளிவாசல் நிலம் பதினைந்தில் ஒரு பங்கு அளவினதாகும். அந்நிலத்தில் பள்ளிவாசலும் மையவாடியும் இருந்தன. அவற்றைச் சுற்றி மக்கள் ஓலைக்கூரை வேய்ந்து குடியேறினர். பள்ளிவாசலுக்கு நிலக்கூலி கொடுத்துத் தம் செலவில் வீடு கட்டிக்கொண்டவர் பலர். இவ்வாறு எழுந்த குடியிருப்பை மலாய் மொழியில் கம்போங் என்பர். 1834-இல் மறைந்த காதர் முகியித்தீன் அடங்கியுள்ள இடத்திற்குக் 'கம்போங் கோலம்' என்று பெயர். கோலம் என்பது நமது 'குளம்' என்ற சொல்லே. நீர் இருந்த இடத்தைச் சுற்றியே வீடுகள் அமைந்தன என்பதைப் பெயரே சொல்லுகிறது.

அடுத்துள்ள தெருக்களும் இவ்வாறே வளர்ந்தன. சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில் நாகூர் ஆண்டகை ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் பெயரால் ஒரு தர்கா எழுந்தது. கிங் தெருவுக்கு நம்மவர் இட்ட பெயர் படகுக்காரத் தெரு. மார்க்கெட் தெருவைக் கடைத் தெரு என்றனர். ஆங்கிலேயர் தம் அரசரையும் அரசியையும் தெருக்களில் நிறுத்தி வைக்க, நம்மவர் அங்கே யார் வாழ்ந்தார்களோ அவர்களை வைத்துப் பெயர் சொன்னார்கள்! சிறிது தெற்கே, 1808-இல் துங்கு சையிது ஹுசைன் என்னும் அரபு மரபினரான அச்சே வணிகர் நிறுவிய பள்ளிவாசலைச் சுற்றி அச்சீன் தெரு மஹல்லா உருவாயிற்று. ஹஜ்ஜுக்குச் செல்வோர் கப்பலுக்காகக் காத்துக் கிடக்கும் இடமாக அது ஆனமையால், அங்குள்ள வீடுகளுக்குப் பயணக் காலத்தில் ஒரு கூலியும் மற்றக் காலத்தில் ஒரு நிலைமையுமாக இருந்தது. 1883-இல் நாகூர் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழைப் பினாங்கிலிருந்து வெளியிட்டார் என்றால், தமிழ் படிப்போர் அத்தெருக்களில் வீடு கொண்டு வாழ்ந்தமையே காரணம்.

மஹல்லா வாழ்வு முழுதும் நன்மையே என்று சொல்லவும் நாம் வரவில்லை. 1867 ஆகஸ்டில் சீன இரகசியச் சங்கங்கள் இரண்டு நகரில் மோதிக்கொண்டபோது, வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று பிரிந்திருந்த முஸ்லிம் கூட்டத்தாரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து தெருவுக்குத் தெரு போரிட்டனர். அண்டை வீட்டாரின் உரிமையை அத்தனை அழுத்தமாகச் சொல்லும் மார்க்கத்தினர் செய்த காரியம் அது.

நகரில் ஓலை வீடுகள் தீயில் அழிந்தமையால் செங்கல்லும் ஓடும் வந்தன. தெருவை நோக்கிக் குறுகிய முகப்பும் பின்னே நீண்ட உடலும், கீழே கடையும் மேலே குடியிருப்பும் உடையது அவ்வூர்க் கடைவீடு. முகப்பில் ஐந்தடி அகலத்திற்கு நடைபாதை விட வேண்டும் என்பது சட்டம். நம்மவர் அதனை 'அஞ்சடி' என்றனர். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் அவ்விடம் சில்லறை வணிகனுக்குக் கடையும் ஆயிற்று. ஒரே கூரையின் கீழ்ப் பிழைப்பும் படுக்கையும் அமைந்ததால், கடைக்காரனுக்கு வீட்டுக் கூலி என்று தனியே ஒன்று இல்லை. ஒரு வீட்டைத் தலைக்குடியாக எடுத்தவன் அறை அறையாகப் பிரித்து உள்குடிகளுக்கு விடுவான். அவனது கூலியை அவர்களே சுமந்தனர் எனலாம்.

நிலம் யாருடையது என்னும் வினாவுக்கு இங்கே திரும்ப வேண்டும். ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து விளைவைத் தருமம் செய்யலாம் என்று வழி காட்டப்பட்டதை நாம் ஹதீஸ் நூல்களில் ஓதுகிறோம். விற்கப்படாது, கொடையாக்கப்படாது, வாரிசுக்குப் போகாது என்பவை அன்று விதிக்கப்பட்ட நிபந்தனைகள். இந்த அடிப்படை ஆங்கிலச் சட்டத்திற்குப் புரியாத ஒன்றாயிருந்தது. கப்பித்தான் காலத்திற்குப் பின் பினாங்கின் பெருஞ்செல்வராய் விளங்கிய முகம்மது நூர்தீன் மரைக்காயர் எழுதி வைத்த மரண சாசனம் வழக்குக்கு வந்தபோது, 1871-இல் பினாங்கு நீதிமன்றம் ஆங்கிலச் சட்டமே அதற்குரியது என்று தீர்த்தது. ஆண்டுதோறும் கந்தூரி நடத்த அவர் நிலையாக ஒதுக்கியது, சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போடுவதாகும் என்ற காரணத்தால் செல்லாது போயிற்று. கந்தூரி பற்றி நம் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடு இங்கே பொருளன்று. ஒரு முஸ்லிம் தன் சொத்தை நிறுத்தி வைக்க விரும்பினால் அதனை மதிப்பதற்கு அந்நீதிமன்றம் அணியமாயில்லை என்பதே பொருள். இந்தியாவில் 1894-இல் பிரிவி கவுன்சில் இத்தகைய தீர்ப்பொன்றைத் தந்து, அதனை நீக்க 1913-இல் தனிச்சட்டம் வேண்டியிருந்ததை வாசகர் நினைவுகூர்வர்.

பழியை ஆங்கிலேயர் மீது மட்டும் போட்டுவிட்டு நாம் ஒதுங்க முடியாது. முத்தவல்லிகள் கணக்குக் காட்டாமை, நிலத்தைத் தம்மவருக்கே அற்பக் கூலிக்கு விடுதல், ஒருவர் மீது ஒருவர் வழக்காடுதல் ஆகியவை அங்கும் நிகழ்ந்தன. 1905-இல் அரசு ஒரு சட்டம் இயற்றி, முகம்மதிய இந்து அறநிலைய வாரியத்தை ஏற்படுத்தித் தானே பொறுப்பெடுத்தது. வாரியம் கணக்கை ஒழுங்குபடுத்திற்று. பள்ளிவாசல் விரிவாகக் கட்டப்பட்டது. அதே காலத்தில் சுற்றியிருந்த ஓலை வீடுகள் அகற்றப்பட்டன, பக்கிங்காம் தெரு போன்ற புதிய தெருக்கள் அமைந்தன, செங்கல் வரிசை வீடுகள் எழுந்தன. பள்ளிவாசலின் வருவாய் கூடிற்று. ஓலைக்குடியில் இருந்தவனால் செங்கல் வீட்டின் கூலியைக் கொடுக்க முடிந்ததா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெரிய பள்ளிவாசலையும் அகன்ற தெருவையும் கண்டு பெருமைப்படுகிற நாம், ஒரு கம்போங் போன விலையையும் அதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசினர். போருக்குப் பின் வீடுகள் குறைவு, மக்கள் மிகுதி, கூலியோ ஏறிக்கொண்டே போயிற்று. இதனைத் தடுக்க 1948-இல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1966-இல் அது புதிய சட்டமாயிற்று. 1948 ஜனவரி இறுதிக்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு உடையவர் விருப்பம்போல் கூலியை ஏற்றவோ, குடியிருப்போரை வெளியேற்றவோ முடியாது. பினாங்கில் 12,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் இச்சட்டத்தின் நிழலில் வந்தன. மலேசியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை.

அரை நூற்றாண்டுக் காலம் பினாங்கின் ஏழை எளியவர் நகர நடுவில் வாழ முடிந்தது இச்சட்டத்தால்தான். புத்தகம் தைப்பவர், பணம் மாற்றுபவர், சோற்றுக் கடைக்காரர், பிணப்பெட்டி செய்யும் சீனர், பூக்கட்டும் இந்துப் பெண் ஆகிய எல்லாரும் ஒரே தெருவில் இருந்தனர். மறுபக்கமும் உண்டு. கூலி அற்பமானதால் வீட்டை உடையவன் கூரையைப் பழுது பார்க்கவில்லை. ஓடு உடைந்தது, உத்தரம் உளுத்தது. தலைக்குடியாக இருந்தவன் தான் சிறுகூலி கொடுத்துக்கொண்டு உள்குடிகளிடம் பெருங்கூலி வாங்கினான். நாம் 'பகடி' என்று சொல்லும் முன்பணத்தை அவ்வூரில் 'தேநீர்ப் பணம்' என்று நயமாகக் கேட்டு வாங்கினர்! பள்ளிவாசல்களும் சீனக் குலச் சங்கங்களும் உடைய வீடுகள் இவற்றுள் நிறைய இருந்தமையால், அறத்தின் வருவாயும் உறைந்து கிடந்தது.

இதற்கிடையே துறைமுகம் நகரத்தைவிட்டு அகலத் தொடங்கிற்று. ஆழ்துறைகள் நீரிணையின் மறுகரையில் பட்டர்வொர்த்தில் அமைந்தன. 1969-இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்னும் உரிமையும் பறிக்கப்பட்டது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றிய தொங்கான்களில் உழைத்தோருக்குப் படகுக்காரத் தெருவில் இனி என்ன வேலை? நாகப்பட்டினத்திலிருந்து நம்மவரை ஏற்றிச் சென்ற 'ரஜுலா' 1970-களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு கடல்வழிப் பயணமே நின்றது. 1972 முதல் தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாசில் ஆலைகள் எழுந்தன. பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போயினர், அருகே வீடும் பார்த்துக்கொண்டனர். பழைய தெருவில் தங்கியவர் பெரும்பாலும் முதியோரும் சிறுகடை வைத்திருந்தோருமே.

அவர்களையும் அசைத்தது 1997-ஆம் ஆண்டுச் சட்டம். வாடகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, மாறுதலுக்கென விட்ட தவணை 1999 டிசம்பர் 31-இல் முடிந்தது. 2000 ஜனவரி முதல் நாளன்று உடையவர் எந்தக் கூலியும் கேட்கலாம் என்ற நிலை. பழைய கூலியைப்போல் பல மடங்கு கேட்கப்பட்டது. கொடுக்க இயலாதவர் வெளியேறினர். வெளியேறிய வீடுகளுக்குப் புதுக்குடிகள் வந்தார்களா என்றால், அதுவும் இல்லை. பல வீடுகளின் மாடிகளில் சன்னல்களை அடைத்து, உண்ணத்தக்க கூடு கட்டும் உழவாரக் குருவிகளை வளர்த்தனர். மனிதன் கொடுக்கும் கூலியைவிடக் குருவியின் எச்சிற்கூட்டுக்கு விலை மிகுதி! மரபிட மதிப்பு வந்தபின் இக்குருவி வளர்ப்பு தடுக்கப்பட்டது. பின்னர் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. வெளிநாட்டு நிறுவனங்கள் வீடுகளை வரிசை வரிசையாக வாங்கின. மரபிட எல்லைக்குள் வாழ்ந்தோர் 2009-இல் ஏறத்தாழ 10,000 பேர். 2013-இல் 9,400 பேர்.

இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் நகரங்களில் வீடும் நிலமும் சேர்வதைப் பற்றி ஒரு பகுதி எழுதியுள்ளார். ஓர் அரசு ஓய்ந்து மற்றொன்று தொடங்கும் காலத்தில் நகரச் சொத்தின் விலை விழும். அப்போது அற்ப விலைக்கு அது கைமாறும். நகரம் மீண்டும் செழிக்கும்போது அச்சொத்து மதிப்புப் பெற்று, உடையவனைச் செல்வனாக்கும். அது அவனது உழைப்பால் வந்ததன்று என்பது அவர் கருத்து. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் எழுதியதைச் சூலியா தெருவில் நின்று படித்தாலும் பொருந்துகிறது. துறைமுகம் ஓய்ந்தபோது விழுந்த விலையும், மரபிட மதிப்பால் ஏறிய விலையும், இவ்விரண்டுக்கும் இடையே வாங்கியவர் அடைந்த பயனும் அவர் சொன்னபடியே நடந்தன.

விற்க முடியாத நிலம் மட்டும் இதற்கு விலக்காயிற்று. பள்ளிவாசலின் வக்பு நிலம் இன்றும் வக்பு நிலமே. அதனைச் சுற்றி நம்மவரின் கடைகள் இன்னும் இருப்பதற்கு இதுவே முதற் காரணம். ஆயினும் கடை இருப்பது வேறு, குடி இருப்பது வேறு. 1801-இல் நிலம் தரப்பட்டது பள்ளிவாசலுக்காக. அதன் வருவாய் பள்ளிவாசலுக்கு உரியது. அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள் வருவாய் தரும் குடிகளாக மட்டுமே இருந்தனர். வக்பின் பயனைப் பெறும் உரிமையாளராக இருந்ததில்லை. வக்புச் சொத்தை அவ்விடத்து நியாயக் கூலிக்குக் குறைவாக விடுவது முத்தவல்லிக்குக் கூடாது என்பது பிக்ஹு நூல்களின் தீர்ப்பு. அப்படியிருக்க, ஊரில் கூலி ஏறும்போது பள்ளிவாசலும் ஏற்றித்தான் ஆகவேண்டும். ஏழைக் குடியானவன் மீது இரங்கிக் கூலியைக் குறைக்கும் முத்தவல்லி, பள்ளிவாசலின் பொருளைக் குறைத்தவன் ஆகிறான். இந்தச் சிக்கலில் யாரையும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

வக்பு செய்கிறவர் எழுதி வைக்கும் நிபந்தனைக்கு ஷரீஅத்தில் எத்துணை மதிப்பு உண்டு என்பதை ஆலிம்கள் அறிவர். வருவாய்க்காக வக்பு செய்வதும் உண்டு, குடியிருப்பதற்காகவே வக்பு செய்வதும் உண்டு. ஹள்ரத் சுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் வீடுகளை வக்பு செய்தபோது, கணவனைப் பிரிந்து திரும்பிவரும் தம் பெண்மக்கள் அவற்றில் தங்கலாம், பிறருக்குத் தீங்கு செய்யாமலும் தீங்கு செய்யப்படாமலும் வாழலாம் என்று நிபந்தனை விதித்தார்கள். மறுமணம் புரிந்தவளுக்கு அவ்வுரிமை இல்லை என்றும் சேர்த்தார்கள். ஹள்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் தந்தையின் வீட்டில் தமக்குக் கிடைத்த பங்கைத் தம் குடும்பத்தில் தேவையுடையோர் குடியிருக்க ஒதுக்கினார்கள். இரண்டும் புகாரி ஷரீபின் மரண சாசனப் பகுதியில் காணப்படுவன. இத்தகைய வக்பில் நியாயக் கூலி என்னும் பேச்சே எழாது. குடியிருப்பதே அதன் பயன். பினாங்குச் சூலியர் வைத்துப்போன அறங்களுள் பெரும்பாலானவை பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் மையவாடிக்கும் கந்தூரிக்கும் உரியன. உழைத்து ஓய்ந்தவன் தங்குவதற்கு இத்தனை அறை என்று எவரேனும் எழுதி வைத்திருந்தால், 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அறைகளைத் தொட்டிருக்காது. நம் ஊர்களிலும் இன்று வக்புப் பத்திரம் எழுத முனைவோர் 'வருவாய்' என்ற சொல்லை எழுதும் இடத்தில் சற்றே நிறுத்தி, 'குடியிருப்பு' என்ற சொல்லும் சட்டத்தில் உண்டா என்று தம் ஆலிமையும் வழக்கறிஞரையும் கேட்பது நல்லது.

பினாங்கில் இப்பொழுது வக்புச் சொத்துகளின் பொறுப்பு மாநில இஸ்லாமிய சமய மன்றத்தினிடம் உள்ளது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு ஜும்ஆ நாளில் அலுவலகங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் மறுகரையிலிருந்தும் கூட்டம் வருகிறது. ஜும்ஆவுக்கு வண்டியேறி வரலாம். சுப்ஹுக்கு அருகே குடியிருப்பவர்தாம் வர வேண்டும். சூலியா தெருவின் மாடிகளில் அவர்கள் இருந்த அறைகள் பலவற்றில் இன்று இரவுக் கணக்கில் கூலி கொடுத்துத் தங்கும் பயணிகள் உறங்குகிறார்கள்.